நடுத்தூணின் பதில்

தட்டுவதை அவள் நிறுத்திய பிறகும் கல் ஒரு முறை ஒலித்தது. பெரிய சத்தம் ஒன்றுமில்லை. கீழே ஆறு சுழித்துக்கொண்டு ஓடுகிற இரைச்சலிலும், மேலே லாரிகள் போகும்போதெல்லாம் பாலத்தின் கைப்பிடிச் சுவர் கடைசிவரை நடுங்குகிற நடுக்கத்திலும் வேறு யார் காதிலும் அது விழுந்திருக்காது. அவள் காதில் விழுந்தது. விழாமல் இருந்தால்தான் அதிசயம், ஏனென்றால் வேலைக் கூட்டத்தில் அவளுக்குப் பெயரே ‘காது’.

பழைய கட்டடங்களைத் தட்டிப் பார்த்துச் சொல்வது அவள் தொழில். கைக்கடக்கமான சுத்தியல் ஒன்று வைத்திருப்பாள். கல் உறுதியாக இருந்தால் மணி மாதிரி ஒலிக்கும், பின்னால் காலியாக இருந்தால் பானையைத் தட்டியது போல அடங்கிப் போகும். அவள் சாக்பீஸால் குறி போட்ட இடங்களில் அவளுடைய அண்ணன் துளை போட்டு, பம்ப் வைத்து, சுண்ணாம்பும் சிமெண்டும் கரைத்த கலவையை உள்ளே செலுத்தி நிரப்புவான். அண்ணன்தான் ஒப்பந்தக்காரன், ஆனால் காது சொல்லாமல் பம்ப் ஓடாது என்பது அவனே வைத்த சட்டம். ஒரு முறை வேறொரு பாலத்தில் உள்ளே யாரோ முனகுவதாக அவள் சொல்ல, அரை நாள் வேலையை நிறுத்திச் சுவரைப் பிரித்தார்கள். உள்ளே இரண்டு பூனைக்குட்டிகள் இருந்தன. அதிலிருந்து பம்ப்காரருக்குப் பொழுது போகவில்லையென்றால் அவளைப் பார்த்து ‘மியாவ்’ என்பார்.

இந்தப் பாலத்துக்கு ஆறு வளைவுகள், ஆற்றுக்குள் நிற்பவை ஐந்து தூண்கள். தண்ணீரைக் கிழித்து விடுவதற்காக ஒவ்வொரு தூணும் படகின் முகப்பு மாதிரி கூராகக் கட்டப்பட்டிருந்தது. கட்டிய காலத்தில் சிமெண்ட் ஏது? மரத்தில் அரைவட்டச் சட்டம் கட்டி, அதன்மேல் இரண்டு பக்கமிருந்தும் கல் அடுக்கி, உச்சியில் கடைசிக் கல்லை இறக்கி, சாந்து இறுகியதும் மரத்தை உருவிவிடுவார்கள். ஒன்றையொன்று நெருக்கியே கற்கள் நின்றுகொள்ளும். நடுத்தூண் மட்டும் நிற்கவில்லை. மரத்தை உருவிய அன்றே சரிந்து இரண்டு பக்க வளைவுகளையும் இழுத்துக்கொண்டு ஆற்றில் விழுந்ததாம், அதுவும் இரண்டு முறை. மூன்றாவது தடவை நின்றது. எடையைக் குறைப்பதற்காகத் தூண்களின் தலையில், சாலைக்கு அடியில், சின்னச் சின்ன அறைகளாக விட்டுக் கட்டியதுதான் காரணம் என்று அண்ணன் சொன்னான். கூட்டத்தில் மூத்தவரான கொத்தனாரோ, அது மட்டுமா, இரண்டு தடவை விழுந்த தூண் பலி வாங்காமலா நின்றிருக்கும் என்று கேட்டுவிட்டு வெறுமையாகச் சிரித்தார்.

அந்த அறைகளுக்குள்தான் காலையில் அண்ணன் நுழைந்திருந்தான். கரையோரம் ஒரு கல்லை எடுத்து வழி செய்திருந்தார்கள். அறைக்கு அறை தவழ்ந்து போகிற அளவுக்குத் துவாரம் உண்டு. கல் அத்தனை தடிப்பு என்பதால் உள்ளே கைபேசி செத்துவிடும், ஆகவே தட்டுதான் பேச்சு. அந்தத் தட்டு சின்ன வயதில் பிறந்தது. அண்ணன் அறைக்கும் அவள் அறைக்கும் நடுவே ஒரு சுவர். விளக்கணைத்த பிறகு இரண்டு தட்டு, ஓர் இடைவெளி, ஒரு தட்டு: ‘தூங்கிட்டியா?’ ஒன்று, இடைவெளி, இரண்டு: ‘இல்லை.’ அம்மா எழுந்து வந்து இருவர் முதுகிலும் தட்டுகிறவரை இது நடக்கும். இப்போது அதுவே பாதுகாப்பு விதி. உள்ளே இருப்பவன் பதில் தட்ட வேண்டும். அவன் வெளியே வந்த பிறகும் அவள் கடைசியாக ஒரு முறை கேள்வி தட்டுவாள். சத்தமில்லை என்றால் ‘காலி’ என்பாள். அதற்குப் பிறகுதான் பம்ப்.

பாலத்தின் வெளிப்பக்கம் கட்டியிருந்த சாரப் பலகையில் அவள் நடந்தாள். நடந்துகொண்டே கேள்வி தட்டினாள். உள்ளேயிருந்து பதில் வந்தது. முதல் தூண். இரண்டாம் தூண். ஒவ்வொரு பதிலுக்குப் பின்னாலும் அந்த உபரித் தட்டு ஒன்று, தயங்கித் தயங்கி, எழுதிப் பழகுகிறவன் கடைசியில் ஒரு புள்ளி வைப்பது போல. அண்ணன் விளையாடுகிறான் என்றே நினைத்தாள். நடுத்தூணுக்கு வந்தபோது பதில் தெளிவாக, அவள் மார்புக்கு நேரே, ஒரு கல்லுக்கு அப்பால் கேட்டது. உபரித் தட்டு இப்போது இல்லை.

சுவரில் வாயை வைத்து அவனை நன்றாகத் திட்டினாள். கிழவனாகப் போகிற வயசில் என்ன விளையாட்டு, வெளியே வா, அண்ணியிடம் சொல்கிறேன் என்றெல்லாம் சொன்னாள். அதற்கும் பதில் தட்டு வந்தது.

“யாரைப் போட்டு இப்படித் திட்டுற?”

அண்ணன் அவளுக்குப் பின்னால் பலகையில் நின்றுகொண்டிருந்தான். கையில் இரண்டு தம்ளர் டீ. தலைமுடியில் சுண்ணாம்புத் தூசி, ஆனால் முகம் கழுவித் துடைத்திருந்தான். எப்போதோ வெளியே வந்துவிட்டானாம். இரண்டாம் தூணுக்கு அப்பால் துவாரத்தைக் கல் வைத்து அடைத்திருக்கிறது, திரும்பி வந்து கரையில் உட்கார்ந்து வீட்டுக்குப் பேசினேன், நீ பார்க்கவில்லையா என்று கேட்டான். அவள் தம்ளரை வாங்கினாள். டீ பலகையில் சிந்தியது.

எதிரொலி என்றான் அவன். எதிரொலி நாம் தட்டியதைத்தான் திருப்பித் தரும், பதிலைத் தராது என்றாள் அவள். அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

“அடைப்புல ரெண்டு கல்லை உருவி டார்ச் அடிச்சுப் பார்த்தேன். நடுத்தூண் அறை சுத்தமா இருக்கு. மத்த அறையெல்லாம் வௌவால் எச்சமும் குப்பையும். இது பெருக்கி வச்ச மாதிரி இருக்கு. அப்புறம்... அந்த அடைப்புச் சுவரை உள்பக்கமா பூசியிருக்காங்க. கல்லுக்குக் கல்லு சந்துல சாந்து வச்சு, கரண்டியால இழுத்து வழவழன்னு. வெளிப்பக்கம் வெறும் கல்லு.”

“உள்ள இருந்து பூசினவன் எப்படி வெளிய வந்தான்?”

“அதான் எனக்கும் தெரியல.”

எலும்பு கிலும்பு ஏதாவது கிடந்ததா என்று கேட்டாள். ஒன்றுமே இல்லை என்றான்.

மதியத்துக்கு மேல் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மேலே அணையைத் திறந்துவிட்டார்கள், இரவுக்குள் வெள்ளம் வந்துவிடும் என்று தகவல். நடுத்தூணின் கற்கள் வயிறு தள்ளி நிற்கின்றன, இன்றே நிரப்பாவிட்டால் இந்த வெள்ளத்துக்குத் தாங்காது என்று முந்தின நாள் எழுதிக் கொடுத்ததே அவள்தான். இப்போது அவளே ‘காலி’ சொல்ல மறுத்தாள். ஆட்களை எண்ணிப் பார்த்தார்கள், யாரும் குறையவில்லை. அவளைத் தட்டச் சொல்லிவிட்டு எல்லாரும் காதை வைத்துக் கேட்டார்கள். அப்போது பார்த்துச் சுவர் ஊமையாகிவிட்டது. பம்ப்காரர் மியாவ் என்று சொல்லவில்லை, ஆனால் சொல்லாமல் அடக்கிக்கொண்டது நன்றாகவே தெரிந்தது. கலவை கலந்தாகிவிட்டது, இன்னும் தாமதித்தால் குழாய்க்குள்ளேயே இறுகிவிடும் என்று மட்டும் சொன்னார்.

அவளுக்கு அவமானமாக இருந்தது. அழுகை முட்டியது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டான். அவள் அழுதால் அவனுக்குப் பொறுக்காது, எப்போதுமே அப்படித்தான்.

“நானே உள்ள போய் அந்த அறைக்குள்ள இறங்கிப் பார்த்துட்டு வந்துடறேன். வந்து காலின்னு சொன்னா ஒத்துக்குவியா?”

“வேண்டாம்ணா.”

“பின்ன என்னதான் பண்ணச் சொல்ற? நாளைக்கு இது விழுந்தா?”

அவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, கன்னத்தை அவள் பக்கம் காட்டி, வேண்டுமானால் ஒரு அறை கொடுத்து அனுப்பு என்று கேலி செய்துவிட்டு, தலையை நுழைத்துத் தவழ்ந்து போனான். கடைசியாக அவன் செருப்பின் அடிப்பக்கம் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

கொத்தனார் கயிற்றை விட்டுக்கொண்டிருந்தார். அவள் பலகையில் ஏறி அவனுக்கு இணையாக வெளியே நடந்தாள். கேள்வி, பதில். கேள்வி, பதில். காற்றில் மழை வாசனையும், ஈரச் சுண்ணாம்பின் வாசனையும், அதற்கடியில் வெகுகாலம் பூட்டிக் கிடந்த பெட்டியைத் திறந்தால் வருகிற வாசனையும் இருந்தன. கல் சந்துகளிலிருந்து அது கசிந்து வந்தது என்பதை அவள் மூக்கை அருகே கொண்டுபோய்த் தெரிந்துகொண்டாள். வெளிச்சம் மங்கிவிட்டது. தூணின் நிழலும் தண்ணீரின் கறுப்பும் ஒன்றாகிக்கொண்டிருந்தன. நடுத்தூணில் அவன் கற்களை உருவி எடுக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் அவன் உள்ளே குதித்தது. அவள் கேள்வி தட்டினாள்.

மார்புக்கு நேரே பதில் வந்தது. ஒன்று. இடைவெளி. இரண்டு.

முழங்காலுக்குக் கீழேயிருந்து இன்னொரு பதில் வந்தது. ஒன்று. இடைவெளி. இரண்டு.

மறுபடி தட்டினாள். இப்போது எதுவுமே இல்லை. கல்லில் காதை அழுத்தி வைத்தாள். குளிர் கன்னத்தில் ஏறி பல் வரைக்கும் போனது. உள்ளே ஏதோ இழுபடும் ஓசை, நீளமாக, பொறுமையாக, நின்று, மறுபடி நீளமாக. சாந்தை வழித்துச் சந்தில் வைத்து இழுக்கிற கரண்டிச் சத்தம். வாழ்க்கையில் ஆயிரம் முறை கேட்ட சத்தம், தப்பாகச் சொல்ல வாய்ப்பே இல்லை.

கரைக்கு ஓடினாள். கொத்தனாரின் முகம் சரியில்லை. கயிறு இன்னும் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. நடுத்தூண் வரைக்கும் போக வேண்டிய கயிறு எப்போதோ போய்விட்டது, பாலத்தின் மறுகரை வரைக்கும் போகிற கயிறுகூடப் போய்விட்டது என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கையில் கயிறு தளர்ந்தது. இழுத்தார்கள். லேசாக வந்தது. முனை வரைக்கும் வந்தது. முடிச்சு அவிழ்க்கப்படாமல், அவன் இடுப்பில் கட்டிய வளையம் அப்படியே இருந்தது.

அவள் துவாரத்துக்குள் தலையை விட்டு அண்ணா அண்ணா என்று கத்தினாள். உள்ளே போகப் பாய்ந்தவளைக் கொத்தனார் பிடித்துக்கொண்டார். எவ்வளவு நேரம் அப்படிக் கத்தினாள் என்று அவளுக்குத் தெரியாது. தொண்டை வறண்டு, இனி அவ்வளவுதான் என்று உட்கார்ந்தபோது, இருட்டுக்குள் வெள்ளையாக ஒரு கை தெரிந்தது.

அவன் தவழ்ந்து வந்தான். தலை முதல் கால் வரை சுண்ணாம்பு. புருவம் வெள்ளை, இமை வெள்ளை, சட்டையின் கட்டங்கள்கூட மறைந்துவிட்டன. கொத்தனார் இரண்டு கையையும் கொடுத்து இழுத்து, எழுப்பி நிறுத்தும்போது மூச்சு வாங்கினார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவன் மேல் விழுந்து கட்டிக்கொண்டு அழுதாள், முதுகில் ஓங்கிக் குத்தினாள், பூசுகிற சத்தம் கேட்டதே, என்னடா செய்துகொண்டிருந்தாய் என்று முதல் முறையாக அவனை வாடா போடா என்று பேசினாள். அவன் ஒன்றும் சொல்லவில்லை. வாயெல்லாம் சுண்ணாம்பு, தண்ணி கொடுங்கள் என்றார் கொத்தனார். தண்ணீரை அவன் வாங்கவில்லை. அவளுடைய வலது கையை மட்டும் பிடித்துக்கொண்டான். குளிர்ந்து போயிருந்தது. உள்ளே இருந்த குளிர் என்று நினைத்தாள்.

பம்ப்காரர் அக்கரையில் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று கத்தினார். என்ன, காலியா?

கடைசித் தட்டு பாக்கி இருந்தது. சுத்தியல் இடுப்பில் செருகியிருந்தது. இடது கை அதன் மேல் போய் நின்றது. தட்டினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். தட்டினால் பதில் வரும். அந்தப் பாழாய்ப்போன தூண் காலையிலிருந்து பதில் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறது. பதில் வந்தால் மறுபடி சந்தேகம், மறுபடி அண்ணன் உள்ளே போவான், இரண்டாவது தடவை அவனை அனுப்ப அவளால் முடியாது. உள்ளே போனவன் கண் முன்னால் நிற்கிறான். இதற்கு மேல் கல்லைக் கேட்க என்ன இருக்கிறது?

“காலி” என்றாள்.

கொத்தனார் துவாரத்தில் கல்லை ஏற்றிச் சாந்து வைத்து அடைக்கத் தொடங்கினார். அவள் நடுத்தூணுக்குப் போய், குழாய் செருகியிருக்கிற இடத்தில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவன் கையை விடாமல் கூடவே வந்தான். ஒரு வாரமாக அண்ணன் நடந்து பழகிய பலகை, இப்போது அவன் காலடியில் ஆற்றை நோக்கி வளைந்தது. என்ன எடை போட்டுவிட்டாய் என்று கேலி செய்ய வாயெடுத்தாள். திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். காற்று நேராக அவன் கண்ணில் அடித்தது. தூசி படிந்த இமை ஒரு தடவைகூட மூடவில்லை.

பம்ப் ஓடத் தொடங்கியது. கறுப்புக் குழாய் விறைத்துக்கொண்டு, பாம்பு விழுங்குவது போல இளகி இளகி, கலவையைச் சுவருக்குள் அனுப்பியது. அந்த இரைச்சலில் ஆற்றின் சத்தமே அமுங்கிப் போயிற்று. அவள் தூணில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

முதுகில் தட்டியது.

இரண்டு. இடைவெளி. ஒன்று.

பதில் இல்லை இது. காலையிலிருந்து ஒரு முறைகூட அந்தச் சுவர் கேள்வி கேட்டதில்லை.

இரண்டு. இடைவெளி. ஒன்று. அவசரமாக. மறுபடியும். இடைவெளியே இல்லாமல். கல்லின் மேல் உள்ளங்கை அறைகிற சத்தம். பிறகு எலும்பு வழியாக, பல் வழியாக, தூரத்தில் கூப்பிடுகிற ஒரு குரல். காது. ஏய் காது. அண்ணன் குரல்.

அவள் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தாள். தன் கையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். சுண்ணாம்பு அங்கே கொஞ்சம் உதிர்ந்திருந்தது. அடியில் தோல் இல்லை. இன்னும் சுண்ணாம்புதான் இருந்தது. விரல் சந்துகளில் சாந்து வழவழவென்று இழுத்துவிடப்பட்டிருந்தது.

கத்தினாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. கையை உருவினாள். வரவில்லை. காலால் உதைத்தாள். அவன் அசையவில்லை. இடது கையால் குழாயைப் பிடித்து இழுத்தாள். மர ஆப்பு வைத்து அண்ணனே அடித்து இறுக்கிய குழாய். அசையவில்லை. தட்டு இப்போது முதுகளவில் இல்லை. உயரமாக வந்தது. அறையில் கலவை ஏற ஏற, அதுவும் மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது.

இந்த இரைச்சலில் பம்ப்காரருக்கு வாய்ப்பேச்சு கிடையாது, கை அடையாளம்தான். இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்காகப் பிடித்தால் நிறுத்து. ஒரு கையை மட்டும் தூக்கினால் இன்னும் வேகமாக விடு.

வலது கை அவனிடம் இருந்தது.

அவள் இடது கையைத் தூக்கினாள். வேண்டாம் வேண்டாம் என்று அசைத்தாள். அக்கரையில் பம்ப்காரர் நிமிர்ந்து பார்த்தார். மங்கிய வெளிச்சத்தில் அண்ணனும் தங்கையும் கைகோத்து நின்றார்கள், தங்கை ஒரு கையை உயரத் தூக்கியிருந்தாள். அவர் சரியென்று தலையாட்டிவிட்டு வேகத்தைக் கூட்டினார்.